கப்பல் தரகரும் அரசின் அனுமதிப்பத்திரமும்

தரகு மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. விற்பவர் வாங்குபவரை அறியார். வாங்குபவர் விற்பவரை அறியார். இருவரையும் அறிந்த ஒருவர் இடையே நிற்கின்றார். மாட்டுச் சந்தையிலும், காணி விற்பனையிலும், கலியாணப் பேச்சிலுங்கூடத் தரகரைக் கண்டு பழகியவர்கள் நேயர்கள். ஆயின், கப்பலுக்கும் தரகர் உண்டு என்பதும், அவர் அரசிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற பின்னரே தொழில் செய்யலாம் எனச் சட்டம் வகுத்த இடங்கள் உண்டு என்பதும் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுள் இத்தகைய தனிச்சட்டத்தாற் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று பசுபிக் சமுத்திரக் கரையிலுள்ள கலிபோர்னியா; மற்றொன்று முப்புறமும் கடல் சூழ்ந்த புளோரிடா. இவ்விரு மாநிலங்களிலும் பாய்ப்படகுகளும் இயந்திரப் படகுகளும் கைமாறுவது பெரிய வியாபாரம். செல்வர் மட்டுமே இவற்றை வாங்குகின்றனர் என்று எண்ணுதல் தவறு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஆயுள் முழுவதும் சேமித்த பணத்தைக் கொண்டு பழைய படகொன்றை வாங்கி, அதனையே வீடாகக் கொண்டு வாழ்வதும் அங்கே உண்டு.

அரசு இதில் ஏன் தலையிட வேண்டும்? விடையை அறிய வேண்டுமாயின், படகு எவ்வாறு கைமாறுகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

வாங்க விரும்புபவர் ஒரு விலையைக் கூறி, வழக்கமாக அவ்விலையில் நூற்றுக்குப் பத்து வீதத்தை முற்பணமாகக் கட்டுகின்றார். அதன் பின்னரே சோதனைகள் தொடங்கும். படகு கரைக்கு ஏற்றப்படும். அடிப்பாகத்தைப் பரிசோதகர் ஒருவர் தட்டியும் கீறியும் பார்ப்பார். பின்பு கடலில் ஓட்டிப் பார்ப்பர். குறை கண்டால் வாங்குபவர் உடன்படிக்கையின்படி விலகிக்கொள்ளலாம். இவையெல்லாம் முடியச் சில வாரங்கள் செல்லும். அதுவரை அம்முற்பணம் எவரிடம் இருப்பது? விற்பவரிடம் இருந்தால், மீளப் பெறுவது எப்படி என்று வாங்குபவர் அஞ்சுவார். வாங்குபவரிடமே இருந்தால், அவர் மெய்யாகவே வாங்க வந்தவர்தானா என்று விற்பவர் ஐயுறுவார். ஆதலின் பணம் தரகர் கைக்கு வருகின்றது. தமக்கு உரியதல்லாத பணத்தைத் தரகர் வைத்திருக்கும் அச்சில வாரங்களே இச்சட்டங்களின் உயிர்நிலை.

புளோரிடா மாநிலம் 1988ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நீளத்தில் 32 அடிக்கு மேற்பட்டும், 300 தொன்னுக்குக் குறைந்தும் உள்ள கலங்கள் அதில் அடங்கின. தரகராக விரும்புபவர் முதலில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, அனுமதி பெற்ற விற்பனையாளராகக் கடமை புரிந்திருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அவர் தமது கைவிரல் அடையாளங்களைக் கொடுத்தல் வேண்டும். 25,000 டொலருக்குப் பிணை காட்டுதல் வேண்டும். விற்பனையாளருக்குப் பிணை 10,000 டொலர். இவை எல்லாவற்றிலும் முக்கியமான விதி யாதெனில், வியாபாரத்தின் பொருட்டுப் பெறும் பணத்தைத் தரகர் வங்கியில் தனியான நம்பிக்கைக் கணக்கொன்றில் இடுதல் வேண்டும் என்பது. அப்பணம் அவருடைய வீட்டுச் செலவுப் பணத்தோடு கலத்தல் ஆகாது. தமது சொந்தப் படகைத் தாமே விற்பவருக்கும், நீதிமன்றக் கட்டளைப்படி விற்பவருக்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று விலக்கும் அளிக்கப்பட்டது.

கலிபோர்னியாவின் சட்டம் இன்னுஞ் சிறிய கலங்களையும் தழுவுகின்றது. அங்கே எல்லை 16 அடி. அனுமதிப்பத்திரம் வேண்டுபவர் பரீட்சையில் சித்தியடைதலும் வேண்டும். ஒரே நோக்கங்கொண்ட இரண்டு மாநிலங்கள், எவ்வளவு சிறிய படகுக்குக் காவல் வேண்டும் என்ற வினாவுக்கு வெவ்வேறு விடை கண்டிருப்பது கவனிக்கத்தக்கது. மேல் எல்லையோ இரண்டுக்கும் ஒன்றே. 300 தொன்னுக்கு மேற்பட்ட பெருங்கப்பலை வாங்குபவர் பெரும்பாலும் சட்டத்தரணிகளைத் துணைக்கொண்டே வருவார். இடைப்பட்ட கலங்களை வாங்குபவருக்கு அத்துணை அரிது.

இனி, அனுமதிப்பத்திரத்தால் ஆகாதவை எவை என்பதையும் கூறுதல் முறையாகும். அது படகின் பலகைக்குச் சான்று அன்று. பத்திரம் பெற்ற தரகர் விற்ற படகிலும் உளுத்த மரம் இருக்கக்கூடும். பிணைத்தொகையும் எல்லா நட்டத்தையும் ஈடுசெய்யப் போதாது. பல இலட்சம் டொலர் பெறுமதியான படகின் முன் 25,000 டொலர் சிறு தொகையே. இவற்றினும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. மாலுமிகளின் சம்பளப் பாக்கி, திருத்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய பணம் போன்ற கடன்கள், கடற்சட்டத்தின்படி கப்பலையே பற்றி நிற்பன. உடைமையாளர் மாறினாலும் அவை கலத்தைவிட்டு நீங்கா. அறியாது வாங்கியவர்மேலும் அச்சுமை வந்து விழும்.

அமெரிக்கக் கரையோரக் காவற்படை, தன்னிடம் பதிந்த கலங்களின் உரிமை வரலாற்றை ஏட்டில் வைத்திருக்கின்றது. கடலே இல்லாத மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் அப்பதிவு நிலையம் அமைந்திருப்பது ஒரு விந்தை. ஆனால் கப்பலைப் பற்றிய கடன்கள் எல்லாம் அவ்வேட்டில் ஏறியிருக்கும் என்று சொல்லவியலாது. ஆதலின் பரிசோதகரை அமர்த்துவதும், பதிவைத் தேடிப் பார்ப்பதும் வாங்குபவரின் கடமையாகவே நிற்கின்றன.

கண்ணாலும் கையாலும் கப்பலை அறியவல்லவர்கள் இல்லாமற் போகவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அத்தகையவர். அவர் 1928 முதல் 1931 வரை, ஏறக்குறைய 32 அடி நீளமான சிறு பாய்க்கலத்தில் உலகத்தைச் சுற்றி வந்தவர். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திய அன்னபூரணி, 1938ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மரத்தின் தரத்தையும் கட்டின் உறுதியையும் தாமே அறியக்கூடிய றொபின்சன் போன்றவருக்குச் சட்டத்தின் துணை அதிகம் வேண்டியதில்லை. அவ்வறிவு இல்லாத ஆயிரம் பேருக்காகவே சட்டம் ஆக்கப்படுகின்றது.

அனுமதிப்பத்திர முறையை மறுப்போரும் உளர். கட்டணமும் பிணையும் புதியவர்களைத் தொழிலுக்கு வரவிடாது தடுக்கும் என்றும், முன்னரே உள்ளே இருப்பவர்களுக்கு அது வேலியாகும் என்றும் அவர்கள் வாதிப்பர். அவ்வாதத்தைப் புறக்கணித்தல் ஆகாது. எந்த விதி வேலிக்காக மட்டும் இருக்கின்றதோ, அது நீங்குவதே நன்று. பிறர் பணத்தைத் தனியே வை, கேட்கும்போது கணக்குக் காட்டு என்னும் விதியோ அத்தன்மையது அன்று. அது நேர்மையுள்ள தரகருக்குப் பாரமாகாது. அவர் சட்டம் இல்லாமலே அவ்வாறு செய்பவர். நேர்மையற்றவருக்கு மாத்திரமே அது தளை.

நல்லவரைப் படைக்க எச்சட்டத்தாலும் இயலாது. ஆயினும், ஏமாற்றப்பட்டவர் எந்த வாயிலிற் சென்று முறையிடுவது என்று அறியாமல் அலையும் நிலையை அது மாற்றவல்லது. அனுமதி வழங்கிய கையே அனுமதியைப் பறிக்கவும் கூடும் என்ற நினைவு, பிறர் பணத்தை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தச் சில வாரங்களிலும் இருத்தல் வேண்டும்.