ஞாபகமும் திரவப் பளிங்கும்



இன்று நாம் பேச வந்தது ஞாபகத்தைப் பற்றியாகும். மனிதனுடைய ஞாபகமல்ல, உயிரில்லாத ஒரு சாமானுடைய ஞாபகம். முன்பு தனக்கு நடந்ததை இப்போது காட்டக்கூடிய ஒரு சாமானைக் கண்டால், அதற்குள் ஏதோ ஆவி இருக்கிறது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் "எப்படி?" என்று கேட்பதே அறிவுள்ளவர்கள் வேலை.

1888-ம் வருஷத்தில் பிராக் நகரத்தில் ரெய்னிட்சர் என்கின்ற தாவர சாஸ்திரி ஒரு பொருளைச் சூடேற்றினார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கலாய் ஓடிற்று, 178.5 டிகிரியில் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? லேமன் என்பவர் பூதக்கண்ணாடியில் சோதித்து, இது திரவம் போல் ஓடுகிறது, பளிங்கு போல் ஒழுங்காயும் இருக்கிறது என்றார். தம்மான் என்கின்ற பெரிய பண்டிதர், இது வெறும் கலவையே என்று வெகுகாலம் மறுத்தார். முடிவில் ஜெயித்தது பண்டிதர் பெயரல்ல, பரீட்சையேயாகும்.

நிற்க, இரும்பு காந்தமாகி நிற்பதுபோல, மின்சாரத்தை எடுத்துவிட்ட பின்பும் மின்முனையை வைத்துக்கொள்ளும் கெட்டிப் பளிங்குகள் உண்டு. ரோஷல் உப்பில் இக்குணத்தை 1920-ல் வலசெக் கண்டார். ஓடுகிற பொருளில் இது நடக்குமா? அமெரிக்கரான ராபர்ட் மேயர் முதலில் யோசனையாலேயே பதில் கண்டார். இடது கையும் வலது கையும் போல, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு பொருந்தாத மூலக்கூறுகள், அடுக்கடுக்காய்ச் சாய்ந்து நின்றால், ஒவ்வோர் அடுக்கிலும் மின்முனை ஏற்பட்டே தீரவேண்டும் என்றார். பிரான்சில் ஓர்சே ரசாயனிகள் அப்படிப்பட்ட பொருளைச் செய்து கொடுத்தார்கள். சோதித்ததில் அவர் சொன்னபடியே இருந்தது. 1975-ல் முடிவு வெளியாயிற்று.

ஆனால் சாயும் திசை அடுக்குக்கு அடுக்கு திருகுபோல் சுற்றிப் போனதால், மின்முனைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. 1980-ல் கிளார்க், லாகர்வால் என்னும் இருவர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே இடைவெளியுள்ள இரு கண்ணாடித் தகடுகளின் நடுவே அதை அடைத்தார்கள். அந்த நெருக்கத்தில் திருகு அவிழ்ந்துபோய், சாய்வுக்கு இரண்டே திசைகள் மிஞ்சின.

தோழர்களே! மழைக்காலத்து மண் ரோட்டில் இரண்டு வண்டித்தடங்களும் நடுவே ஒரு மேடும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடத்தில் விழுந்த சக்கரம் லேசாய்த் தள்ளினால் வராது. மேட்டைத் தாண்டும்படி தள்ளினால் மறு தடத்தில் விழும். கையை எடுத்தாலும் அங்கேயே கிடக்கும். பளிங்கும் அப்படியே. மின்சாரத்தைத் திருப்பி வைத்த உடனே அது திரும்பிவிடாது. போதிய பலத்தோடு போதிய நேரம் வைத்தால்தான் திரும்பும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எதிர்ப்பக்கமாக அதேபோல் தள்ளவேண்டும். இந்தப் பின்தங்குதலுக்குத்தான் தயக்கம் என்று பெயர். மின்சாரத்தையும் மின்முனையையும் கோடாக வரைந்தால், போன வழியும் வந்த வழியும் வேறாகி ஒரு வளையம் உண்டாகும். வளையத்தின் பரப்பே ஒவ்வொரு சுற்றிலும் உஷ்ணமாய்ப் போகும் சக்தி.

ஆதலால் இப்போது மின்சாரம் பூஜ்யம் என்று மட்டும் சொன்னால், பளிங்கின் நிலையைச் சொல்ல முடியாது. கடைசியாக எந்தப் பக்கம் தள்ளினோம் என்பதையும் சொல்லவேண்டும். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் இரு தகடுகளுக்கு நடுவே இதை வைத்தால், ஒரு நிலை இருட்டாயும் மறு நிலை வெளிச்சமாயும் தெரியும். மின்சாரம் நின்றாலும் படம் நிற்கும். சாதாரணத் திரவப் பளிங்கு மாற ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு பிடிக்கும். இதற்கு லட்சத்தில் சில பங்கே போதும். குறையும் உண்டு: பலமாக அதிர்ந்தால் அடுக்குகள் குலைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பளிங்கை, சாய்வு நிமிர்ந்துவிடும் அளவுக்குச் சூடேற்றினால், மின்முனை போய்விடும். அதோடு ஞாபகமும் போய்விடும். அது எங்கும் பறந்து போகவில்லை. ஞாபகம் என்று நாம் சொன்னது மூலக்கூறுகள் நின்ற ஒழுங்கையே; ஒழுங்கு குலைந்தது, அதுவும் இல்லாமற் போயிற்று. ஆகவே, இனி எவராவது ஓர் அதிசயத்தைக் காட்டிக் கைகூப்பச் சொன்னால், கூப்புவதற்கு முன் அதைச் சற்றுச் சூடேற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள் என்று சொல்லி, நம் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.