இல்சான் இல்லம்

ஹாரி ஹோல்ட் அமெரிக்காவின் ஆரிகன் மாநில விவசாயி. கொரியப் போருக்குப் பின் ஆதரவற்று நின்ற எட்டுக் குழந்தைகளை 1955-இல் தத்தெடுத்தார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வெளிநாட்டுக் குழந்தைகள்தான் என்றது அன்றைய அமெரிக்கச் சட்டம். இவருக்காக நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டது!

பிறகு மற்ற கொரியக் குழந்தைகளையும் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்தார். அந்த முறைமேல் கடும் விமர்சனமும் உண்டு. ஆனால் நடக்க முடியாத, பேச வராத பிள்ளைகளைக் கேட்டு வந்தவர்கள் குறைவு. அவர்களுக்காகத் தென்கொரியாவின் இல்சானில் ஓர் இல்லம் கட்டினார். 1964-இல் கொரியாவிலேயே காலமானார்.

என்னைக் கேட்டால், மகள் மாலியைத்தான் பெரிதாகச் சொல்வேன். நர்ஸ். 1956-இல் கொரியா போனவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இல்சானில் அந்தப் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, 2019-இல் 83 வயதில் மறைந்தார். அதற்குள் அந்தப் பிள்ளைகளில் பலருக்கே தலை நரைத்துவிட்டது.