கொடி ஏந்திய கை கேள்வியும் எழுதட்டும்!

(மாணவர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"மாணவனுக்கு எதற்கு அரசியல்? ஏட்டைப் புரட்டட்டும், எழுந்து போகட்டும்" என்று உபதேசிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களை ஒன்று கேட்கிறேன். வாக்குரிமை வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்தது எது? 1989இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம்! ஆட்சியை அமைக்கும் உரிமை அவனுக்கு உண்டாம். அந்த ஆட்சி நடக்கும் முறையை அறிவது மட்டும் ஆகாதாம்! வேடிக்கை, வேதனை கலந்த வேடிக்கை!

1965ஐ எண்ணிப் பாருங்கள். இந்தியே முதன்மை ஆட்சிமொழி என்னும் நிலை சனவரி 26இல் வரவிருந்தது. மாணவர் திரண்டது எப்போது? அதற்கு முந்தின நாளே! 343ஆவது பிரிவு விதித்த பதினைந்தாண்டுக் கெடு எந்த நாளில் முடிகிறது என்பதை அறிந்திருந்தனர். ஆகவே காலத்தோடு எழுந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு உயிரைத் தந்தார். 1967இல் விருதுநகரிலே, அந்தக் கிளர்ச்சியில் முன்னின்ற சீனிவாசன், பெருந்தலைவர் காமராசரையே 1,285 வாக்குகளில் வென்றார். அதே ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் ஆங்கிலம் தொடர வழி செய்தது. உணர்ச்சி மட்டுமா இதைச் சாதித்தது? இல்லை! உணர்ச்சிக்கு முன்னால் அறிவு நடந்தது. அறிவுக்குப் பின்னால் நாடு நடந்தது!

இன்றைய மாணவனைக் கேட்போம். தேர்வு நாள் தெரியும். திரைப்படம் வெளிவரும் நாள் தெரியும். தன் ஊராட்சிக்கு வந்த பணம் எவ்வளவு, போன வழி எது? தெரியாது! குற்றம் அவனுடையதா? சொல்லித் தராத நம்முடையது!

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. அங்கே வரவு செலவைக் கேட்கலாம். பயனாளிகள் பட்டியலைப் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் பிறந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள், தெளிவான கேள்வி, இவை போதும். முப்பது நாளுக்குள் அலுவலகம் விடை தரவேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 இருக்கிறது. சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் முதல் நாள்களில் எந்த நாளில் பதினெட்டு நிறைந்தாலும் தகுதி உண்டு.

இவையெல்லாம் எந்தத் தேர்விலும் வராத பாடங்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் தேர்வு வைக்கும் பாடங்கள்!

கழகத் தோழர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். மாநாட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் கல்லூரி வாயிலுக்குப் போகிறோம். கொடியைத் தருகிறோம், முழக்கத்தைத் தருகிறோம். மாநாடு முடிந்ததும் மாணவனை மறந்துவிடுகிறோம்! அவன் பந்தலுக்கு நட்ட கால் அல்லன். நாளைய பாராளுமன்றத்துக்கு இட்ட அடித்தளம்.

ஆகவே, கிளைக்கு ஐந்து மாணவரை அழைத்து வாருங்கள். அடுத்த கிராம சபையில் அமர வையுங்கள். கேள்வியை அவர்களே எழுதட்டும். "அந்தக் கேள்வி நம்முடைய உறுப்பினரையே குத்துமே" என்று அஞ்சுகிறீர்களா? குத்தட்டும்! கேள்வியைத் தாங்காத ஆட்சி நிலைக்காது. கேள்வியைத் தடுக்கின்ற கட்சி தழைக்காது. கேள்வி கேட்டே வளர்ந்த இயக்கம், கேள்விக்கு அஞ்சலாமா?

மாணவ மணிகளே! கைதட்டியது போதும், கணக்குக் கேளுங்கள். முதல் கேள்வியை உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள்.