நலம் காப்போர் ஊதியம்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் கூலிக் கணக்குப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவனின் வருகை மாதத்திற்கு மாதம் குறைந்துகொண்டே போனால், அதன் காரணத்தை வகுப்பறையில் தேடிப் பயனில்லை. அவன் வீட்டு மாத வரவில் தேட வேண்டும். வட சென்னையில் ஆசிரியர்களாய் இருக்கும் நாங்கள் ஆண்டுதோறும் காணும் உண்மை இது. ஆகவே ஊதியமும் கல்விப் பொருளே என்று கொண்டு பேசத் துணிகிறோம்.

மருத்துவத் தொழிலாளர் என்போர் யார்? மருத்துவர், செவிலியர் என்று உடனே விடை வரும். ஆனால் நம் பகுதியில் முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்குள் சென்று பாருங்கள். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையையும் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையையும் பாருங்கள். தரை துடைப்பவர், தள்ளுவண்டி தள்ளுபவர், குருதி படிந்த பஞ்சையும் துணியையும் அள்ளுபவர் யாவர்? இவர்களுள் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு வெளியே வந்தால், தெருவைத் துடைத்து நோயை வாசலிலேயே தடுப்பவரும் நம்மவரே.

2020ஆம் ஆண்டு கொரோனாவின் முதல் அலையில் மாநகரின் நோய்ப் பட்டியலில் இராயபுரம் மண்டலம் பல வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அப்போது இவர்களை முன்களப் பணியாளர் என்றார்கள், மலர் தூவினார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரும் அவ்வாண்டில்தான் தூய்மைப் பணியாளர் என மாறியது. பெயர் மாறியதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் நாங்கள் நிரப்பும் விண்ணப்பத்தின் தலைப்பு ‘சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கான கல்வி உதவித்தொகை’ என்பதாகும். 1977-78ஆம் ஆண்டில் தொடங்கிய நல்ல திட்டம். அதனால் படித்தவர்கள் பலர். எனினும் ஊருக்கெல்லாம் சுகாதாரம் உண்டாக்கும் தொழிலுக்குச் ‘சுகாதாரக் குறைவான தொழில்’ என்று பெயரிட்டவர் யாரோ!

நிற்க. 2025ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். மாநகராட்சியின் ஐந்தாம் மண்டலமாகிய இராயபுரத்திலும் ஆறாம் மண்டலமாகிய திரு.வி.க. நகரிலும் குப்பை அகற்றும் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்க அவ்வாண்டு ஜூன் மாதம் மாநகராட்சி தீர்மானித்தது. மற்ற மண்டலங்களுள் பெரும்பாலானவை ஏற்கெனவே தனியார் வசம் சென்றிருந்தன. ஆகஸ்ட் முதல் நாளன்று தொழிலாளர் ரிப்பன் கட்டடத்தின் முன் அமர்ந்தனர், பெரும்பாலோர் பெண்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில், உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் காவல்துறை அவர்களை அகற்றியது. மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றுவந்த நாங்கள் இனி ஏறத்தாழ 16,000 ரூபாயே பெறுவோம் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. தனியாரிடம் சேமநல நிதி, ஈ.எஸ்.ஐ., காப்பீடு முதலியன கிடைக்கும் என்பது மாநகராட்சி தரப்பு சொன்ன மறுமொழி. அவை சட்டம் கொடுக்கச் சொல்பவை. ஊதியத்தைக் குறைப்பதற்கு ஈடாக எடைபோடத் தக்கவை அல்ல என்பது எம் கருத்து. அதே மாதத்தில் உயர்நீதிமன்றம் மாநகராட்சியின் தீர்மானத்தை நீக்க மறுத்தது. எனினும் தொழிலாளர் கடைசியாகப் பெற்ற ஊதியம் காக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. அதன் பின்னரும் போராட்டம் பல வடிவங்களில் தொடர்ந்தது.

ஆறாம் மண்டலம் தாங்கி நிற்கும் பெயருக்குரிய திரு.வி.க., 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதியால் பிளவுண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் நம் முதியோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இரண்டையும் இளைஞர்கள் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். இந்தியாவில் ஒரு மாநகராட்சி தன் எல்லைக்கென்று குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இயற்ற இயலாது. ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசுக்கே உண்டு. அதற்கான மசோதாவை 1946ஆம் ஆண்டு மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர் அன்று வைசிராயின் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கர். 1948இல் அது சட்டமாயிற்று. உள்ளாட்சி மன்றங்களில் செய்யும் வேலை தொடக்கத்திலேயே அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் அதனுள் அடங்கிவிட்டது. பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும் என்ற வரம்பு நீங்கியுள்ளது. ஐந்தாண்டுக்கு மிகாமல் ஊதியத்தைத் திருத்த வேண்டும் என்ற விதி நிலைத்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டடத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஊதியத்தை எதைக் கொண்டு அளப்பது? 1957ஆம் ஆண்டு பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவு வகுத்தது. ஒருவர் உழைப்பில் மூன்று பேருக்குரிய உணவு, நால்வர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலியவற்றிற்கு நூற்றுக்கு 20 பங்கு என்பது அதன் கணக்கு. வயிறும் உடலும் கூரையும் அதில் இருந்தன. பிள்ளையின் சிலேட்டுக்கு இடமில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்தே அதற்கு இடம் கிடைத்தது. அதுவும் நம் சென்னையிலிருந்து சென்ற வழக்கில்! இங்குத் தொழிற்சாலை வைத்திருந்த ரெப்டகோஸ் பிரெட் என்னும் மருந்துக் கம்பெனிக்கும் அதன் தொழிலாளர்க்கும் நடந்த வழக்கில், 1991ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஆறாவது கூறு ஒன்றைச் சேர்த்தது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை முதலிய சிறு மகிழ்ச்சி, முதுமை, திருமணம் ஆகியவற்றிற்காகக் குறைந்தபட்ச ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்றது.

இளைஞர்களே, தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 23,000 ரூபாயில் நான்கில் ஒரு பங்கு 5,750 ரூபாய். இராயபுரத்துத் தொழிலாளி இழக்க நேரும் என்று அஞ்சிய தொகையோ ஏறத்தாழ 7,000 ரூபாய். அரிசி விலையும் வாடகையும் அவருக்காகக் குறையப்போவதில்லை. ஆகவே முதலில் போவது அந்த நான்கில் ஒரு பங்குதான். அது முழுவதும் போனபின்னும் 1,250 ரூபாய் குறையும். ஆண்டுக்கு 84,000 ரூபாய் என்பது ஓர் இளைஞனின் கல்லூரிப் படிப்பு. இதைத்தான் வருகைப் பதிவேட்டில் காண்கிறோம் என்று தொடக்கத்தில் சொன்னோம்.

செவிலியர் நிலையும் இதனின் வேறன்று. 2015ஆம் ஆண்டு தேர்வெழுதி வென்ற 7,000க்கும் மேற்பட்ட செவிலியரைத் தமிழக அரசு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடிய பின்னரே தொகை 14,000 ரூபாய் ஆயிற்று. தனியார் மருத்துவமனைகளைப் பற்றி, உச்சநீதிமன்றம் 2016இல் பிறப்பித்த ஆணையின்படி அமைந்த குழு, மிகச் சிறிய மருத்துவமனையிலும் செவிலியர்க்கு 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. கேரளம் செவிலியரின் போராட்டத்திற்குப் பின் 2018இல் அதை அரசாணையாக்கியது. மருத்துவமனைகளை மூட நேரிடும் என்று அங்கே உரிமையாளர் அச்சுறுத்தாமலில்லை.

கடல் கடந்தும் இதே வழக்குத்தான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றம் 2022ஆம் ஆண்டு மருத்துவத் தொழிலாளர்க்கு மணிக்கு 25 டாலர் என்று தனிக் குறைந்தபட்ச ஊதியம் வகுத்தது. மருத்துவமனை உரிமையாளர் தரப்பு கையெழுத்து இயக்கம் நடத்தி அதை நிறுத்திவைத்தது. பின்னர் கலிபோர்னிய மாநிலமே 2023இல் சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் முதல் படிப்படியாக உயர்த்தத் தொடங்கியது. டாலர் கணக்கு நமக்கு வேண்டாம். அச்சட்டம் மருத்துவத் தொழிலாளர் என்ற சொல்லுக்குக் கூறும் பொருளே நமக்கு வேண்டும். துடைப்பவர், துணி வெளுப்பவர், சமைப்பவர், காவலிருப்பவர் ஆகிய எல்லாரும் அதில் அடங்குவர். செவிலியரை ஓர் அணியிலும் துப்புரவாளரை வேறோர் அணியிலும் நிறுத்தும் வழக்கத்தை நாமும் கைவிட வேண்டும்.

சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை என்று மாநகராட்சி ஒதுங்கிவிட முடியுமா? ஒப்பந்தப்புள்ளி கோருவது அதன் கையில் இருக்கிறது. வண்டியின் விலையும் டீசல் விலையும் எல்லா ஒப்பந்ததாரர்க்கும் ஒன்றே. ஒருவர் மற்றவரைவிடக் குறைத்துக் கேட்க வழி தொழிலாளியின் கூலியில்தான் இருக்கிறது. ஊதியத்தைப் போட்டிக்கு வெளியே எடுத்து, இன்ன தொகைக்குக் குறையலாகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்த வழி அடைபடும். அரசு மருத்துவமனைகளின் துப்புரவு ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும். செலவு கூடும் என்பார்கள். கூடும்தான், இதுநாள்வரை அச்செலவை நம் பிள்ளைகள் ஏற்று வந்தார்கள் என்பதை மறுக்க இயலுமா?

கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஞாயிறு காலைதோறும் பட்டம் பெற்ற இளைஞர் இருவர் மேசையிட்டு அமரட்டும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை மருத்துவமனையிலும் தெருவிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தாய்மார் தங்கள் ஊதியச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவரட்டும். சீட்டில் எழுதிய தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் ஒன்றா, சேமநல நிதிக்குப் பிடித்த பணம் கணக்கில் சேர்ந்ததா, அரசு அறிவித்த ஊதியத்திற்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறிய ஊதியத்திற்கு வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பு என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வரும் விதி. புதிய தொகுப்புகளிலும் அது உண்டு. ஊதியச் சீட்டே கொடுப்பதில்லை என்று பலர் சொல்லக்கூடும். அதையும், வேலை செய்யும் இடம், சேர்ந்த நாள், கையில் பெற்ற தொகை ஆகியவற்றோடு தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்க. குறிப்பேடும் எழுதுகோலும் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் வாங்கித் தருகிறோம்.