மலாவிப் பள்ளியும் துவரைச் செடியும்



இவ்வவையினர் இல்லங்களில் நாள்தோறும் வேகும் துவரம்பருப்பில் ஒரு பங்கு, தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டில் விளைந்ததாக இருக்கக்கூடும். ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்குவதற்கு இந்திய அரசு 2021இல் அந்நாட்டுடன் உடன்பாடு செய்துகொண்டது. அங்கே துவரையை நந்தோலோ என்பர். நமக்குப் பருப்பு அனுப்பும் அந்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளில், பிள்ளைகள் பலர் ஆண்டில் சில திங்கள் வெறும் வயிற்றோடு பாடம் கேட்கின்றனர்.

மலாவியில் மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஓயும். பின்னர் நெடிய வறட்சி. மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டிய ந்சீமாவே மக்களின் முதன்மை உணவு. பெரும்பாலோர்க்கு ஆண்டில் ஒரே அறுவடைதான். பழைய தானியம் தீர்ந்து புதுக்கதிர் முற்றாத சனவரி முதல் மார்ச்சு வரை பசிக்காலம். பள்ளியோ அப்பொழுது நடந்துகொண்டிருக்கும்.

உதவ விரும்புவோர்க்கு முதலில் தோன்றுவது மாவு மூட்டை அனுப்புவதே. அது குறையன்று. மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த லிகுனி ஃபாலா என்னும் கஞ்சி எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்துள்ளது. ஆயினும் மூட்டை நின்றால் கஞ்சியும் நிற்கும். ஆகவே பள்ளி நிலத்திலேயே உணவு விளைய வேண்டும்.

அதற்குரிய பயிர்கள் அயலானவை அல்ல. மணிலாவினூடே துவரையை ஊடுபயிராக இடுவது வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து உழவர் அறிந்ததே. மலாவியின் வேளாண் ஆய்வாளரும் இவ்விணையைப் பரிந்துரைக்கின்றனர். துவரை தொடக்கத்தில் மெல்ல வளர்வதால், மணிலா பிடுங்கும்வரை அதனை நெருக்குவதில்லை. பின்னர் ஆழ வேரோடி அடிமண் ஈரத்தைப் பருகி, மழை ஓய்ந்த பிறகும் காய்க்கும். இரண்டும் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்ப்பதால், மறு ஆண்டு அதே நிலத்தில் மக்காச்சோளம் செழிக்கும். காய்ந்த துவரை மிளார் கஞ்சி அடுப்புக்கு விறகாகும். கைப்பம்படியில் சிந்தி ஓடும் நீரை ஒரு வாய்க்காலால் திருப்பினால் வாழைக்கும் கீரைக்கும் போதும்.

இவ்வளவும் எளிதே. இடையூறு ஆடுகளால் வருகிறது. அறுவடை முடிந்ததும் ஆடுகளை அவிழ்த்துவிடுவது அங்குப் பல ஊர்களில் வழக்கம். துவரை காய்த்து நிற்பதும் அப்பருவத்தில்தான். பள்ளியின் நீண்ட விடுமுறையும் வறட்சிக் காலத்திலேயே வருவதால் தோட்டத்தில் ஆள் இராது. விதைப்பொட்டலம் அனுப்புவோர் பெரும்பாலும் இதனை எண்ணுவதில்லை. வேலிக்கும் விடுமுறைக் காவலுக்கும் பொருள் ஒதுக்காத தோட்டம் ஓராண்டுக்கு மேல் நிலைப்பது அரிது. ஆடுகளைக் கட்டிவைப்பது குறித்து ஊர்த்தலைவரிடமும் பெற்றோர் குழுவிடமும் முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும். அதனை வெளியிலிருந்து பணம் அனுப்புவோர் செய்ய இயலாது. அவ்வூராரே செய்ய வேண்டும். வரப்பு வெட்டுதல், களத்து வேலை ஆகியவையும் பெற்றோர் பொறுப்பாதல் நன்று. தோட்ட வேலை பிள்ளைகளின் படிப்பு நேரத்தை விழுங்கிவிடலாகாது அன்றோ!

இன்னும் ஒன்று. மே மாதம் களத்திற்கு வரும் சோளம் சனவரி வரை கெடாதிருந்தால்தான் பசிக்காலத்துக்கு உதவும். இடையில் வண்டு விழுந்தால் உழைப்பெல்லாம் வீண். காற்றுப் புகாத மூவடுக்குப் பைகள் இப்பொழுது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கிடைக்கின்றன. நன்கு உலர்த்திய தானியத்தை அவற்றில் இறுகக் கட்டி வைத்தால் நஞ்சுப்பொடி தூவ வேண்டியதில்லை. நன்கொடைக் கணக்கில் விதைக்கு முன்னதாக வேலியையும் பையையும் எழுதிக்கொள்ளலாம்.