கைப்பேசியும் கணக்கு நேர்மையும்

மாணவச் செல்வங்களே,

கணக்கெழுதுவதைப் பற்றி இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். நான் சொல்ல வந்தது கடைக் கணக்கு அன்று, விளையாட்டுக் கணக்கு. அதுவும் கைப்பேசியைக் கொண்டு உடனுக்குடன் எழுதப்பெறும் கணக்கு.

அமெரிக்க நாட்டில் டிஸ்க் கோல்ஃப் என்றொரு விளையாட்டு உண்டு. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் இடுவர். இதிலோ சாப்பாட்டுத் தட்டினும் சிறியதான ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீசி, கம்பத்தில் பொருத்திய கூடையில் விழச் செய்வர். கூடையின் மேல் சங்கிலிகள் தொங்கும். தட்டு அவற்றில் மோதி, வேகம் தணிந்து, கூடையில் விழும். மிகக் குறைந்த வீச்சுகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவரே வென்றவர். சங்கிலிக் கூடையை அமைத்த எட் ஹெட்ரிக் என்பவரே, 1976-ஆம் ஆண்டில் இவ்வாட்டத்திற்கெனத் தொழில்முறைச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டில் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இவ்வாட்டத்தின் முதல் நிரந்தரக் களம் அமைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கலிஃபோர்னியாவில் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த பூங்காவில் இத்தகைய போட்டியொன்றைக் கண்டேன். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழுவுக்கு நால்வராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு கூடையில் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கியது. ஒரு குழு மரங்களுக்கு அப்பால். மற்றொன்று மேட்டின் மேல். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று எங்ஙனம் அறிவது? முற்காலத்தில் ஆட்டம் முடிந்து, காகிதச் சீட்டுகள் வந்து சேர்ந்து, கூட்டிப் பலகையில் எழுதும் வரை ஒருவரும் அறிய இயலாது. இப்போதோ ஒவ்வொரு கூடையும் முடிந்தவுடன் குழுவில் ஒருவர் தம் கைப்பேசியில் எண்களைப் பதிகிறார். அவை இணையவழிச் சென்று வரிசைப்படுகின்றன. மரத்தடியில் அமர்ந்திருந்த நான் என் கைப்பேசியிலேயே போட்டி முழுவதையும் கண்டேன். அலைவரிசை எட்டாத இடத்தில் மட்டும் சிறிது காலதாமதம் நேர்ந்தது.

ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது அதன் வேகம் அன்று. அங்கு ஒவ்வொரு குழுவோடும் நடுவர் செல்வதில்லை. ஆடுவோரே ஒருவருக்கொருவர் நடுவர். கூடை முடிந்ததும், கணக்கெழுதுபவர் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட வேண்டும். அழைக்கப்பெற்றவர் தம் எண்ணை மற்றவர் செவியிலும் விழும்படி சொல்ல வேண்டும். எழுதியவர் அதனைத் திருப்பிப் படிக்க வேண்டும். இது வெறும் வழக்கமன்று, சங்கத்தின் விதி.

என் கண்ணெதிரே ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஓர் இளைஞரின் தட்டு புதருக்குள் சென்றுவிட்டது. உள்ளே அவர் எத்தனை முறை வீசினார் என்பதை மற்றவர் பார்க்கவில்லை. அவர் பெயர் கூப்பிடப்பட்டது. "நான்குதானே?" என்று கணக்கெழுதியவர் விரலை எடுத்து வைத்தார். "இல்லை, ஐந்து" என்றார் இளைஞர். "ஐந்து" என்று திருப்பிப் படித்தார் மற்றவர். அவ்வளவே, அடுத்த கூடைக்கு நடந்தனர். சிறிது நேரத்தில் என் கைப்பேசித் திரையில் அந்த ஐந்து தோன்றியது. அது எங்ஙனம் ஐந்தாயிற்று என்பதை அத்திரை எனக்குச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கணக்கைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்படைத்த பின் தவறு கண்டால், திருத்திய மொத்தத்தோடு தண்டனையாக இரண்டு வீச்சுகள் சேர்க்கப்படும். கவனம் பிசகியதால் நேர்ந்த பிழைக்கும் இத்தண்டனை உண்டு.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று நீங்கள் வினவலாம். கோல்ஃப் ஆட்டத்தின் வரலாறு விடை சொல்லும். 1968-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. இறுதி நாளன்று, அர்ஜென்டினா வீரர் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆம் குழியை 3 அடிகளில் முடித்தார். திரண்டிருந்த மக்கள் கண்டனர். தொலைக்காட்சியிலும் பலர் கண்டனர். ஆனால் அவர் சீட்டில் உடன் ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ அதனைக் கவனியாமல் கையெழுத்திட்டார். 65 ஆக வேண்டிய அன்றைய கணக்கு விதிப்படி 66 ஆக நின்றது. பாப் கோல்பியோடு சமநிலையில் நின்று, வெற்றியைத் தீர்மானிக்கும் ஆட்டம் ஆடியிருக்க வேண்டியவர், இரண்டாம் இடத்தோடு திரும்பினார். அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள். ஊரறிந்த எண்ணாயினும், எழுதியதைப் படித்துப் பாராமையால் அது பயனற்றுப் போயிற்று.

என் வாழ்விலும் இத்தகையதொரு பிழை உண்டு. அதனை மறைத்து உங்களுக்கு அறிவுரை கூறுவது முறையன்று. நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவன் கணக்கில் 42 மதிப்பெண் பெற்றான். இரவு விளக்கொளியில், விரைந்து முடிக்கும் எண்ணத்தில், பதிவேட்டில் 24 என்று எழுதிவிட்டேன். முன்னேற்ற அறிக்கையிலும் அதுவே ஏறிற்று. அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வாத்தியார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான். தேறாத பையனுக்குப் படிப்பு எதற்கென்று தந்தை அவனை அரிசி ஆலைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து விடைத்தாள் கட்டை அவிழ்த்தபோதுதான் என் பிழையைக் கண்டேன். அன்று மாலையே ஆலைக்குச் சென்றேன். தவிடு படிந்த தலையோடு நின்ற அச்சிறுவன், "சார், நான் பாஸா?" என்று கேட்டான். அக்குரல் இன்னும் என் செவியில் இருக்கிறது. தந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பள்ளிக்குத் திரும்பினான்.

அதன்பின் பணி ஓய்வு பெறும் நாள் வரை, ஒவ்வொரு மாணவனையும் விடைத்தாளோடு மேசைக்கு அழைப்பேன். அவன் தன் எண்ணைச் சொல்வான். நான் எழுதியதைத் திருப்பிப் படிப்பேன். நேரம் செலவாயிற்று என்பது உண்மையே; ஆயினும் வேறொரு பிள்ளை அரிசி ஆலைக்குப் போகவில்லை.

அன்பு மாணவர்களே! நாளை நீங்கள் மருந்தளவை எழுதுவீர்கள். நில அளவையை எழுதுவீர்கள். பிறர் பணத்தை எழுதுவீர்கள். கைப்பேசி உங்கள் எண்ணை நொடியில் உலகெங்கும் கொண்டு செல்லும். தவறான எண்ணையும் அதே வேகத்தில் கொண்டு செல்லும். ஆகவே அனுப்புமுன், உரியவர் கேட்க ஒருமுறை திருப்பிப் படியுங்கள். எவரும் காணாத வீச்சு ஒன்று இருக்குமாயின், அதனை நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.