விபத்து நேர்ந்தால் ஓடலாமா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நமக்குச் சாலையோடு உள்ள உறவு நெருக்கமானது. பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர், திருமாந்துறை என நம் ஊர்களை ஊடுருவித் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை செல்கிறது. அரியலூர்ப் பக்கம் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. நம் பிள்ளைகளில் வாகனம் ஓட்டிப் பிழைப்போர் உண்டு. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்து கார் ஓட்டுவோரும் உண்டு. இவர்களில் யாருக்கும் விபத்து நேரக்கூடாது என்றே நாம் துஆச் செய்கிறோம். ஆயினும் நேர்ந்துவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதை இன்றே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக் கொள்வோம். விபத்து யாரும் நாடிச் செய்வதன்று. ஆனால், அடிபட்டுக் கிடப்பவரை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிச் செல்வது நாடிச் செய்யும் செயல். முன்னது தவறுதல்; பின்னது முடிவு. சட்டமும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில் ஓட்டுநருக்கு மூன்று கடமைகளை விதித்துள்ளது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இவற்றை மீறினால் 187ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். விபத்தில் ஓட்டுநர் மீது பிழையே இல்லாதபோதும் இக்கடமைகள் நீங்குவதில்லை.

கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் அது வேறு குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்கு இரண்டாண்டு வரை சிறை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, முதல் உட்பிரிவில் அதை ஐந்தாண்டு வரை உயர்த்தியது. உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பியோடினால் பத்தாண்டு வரை சிறை என்கிறது இரண்டாம் உட்பிரிவு. இதை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின், சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் ஓடினால் தண்டனையே இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். மேலே சொன்ன பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. தடயத்தை அழித்தாலும், ஓட்டியவரை மறைத்து வேறொருவரைக் காட்டினாலும் அவை மேலும் குற்றங்களாகச் சேரும்.

"நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடுமே!" என்பது ஓட்டுநர்களின் அச்சம். இந்த அச்சம் பொய்யன்று. சட்டமே இதை அறிந்திருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் மருத்துவ உதவி செய்ய இயலாமற்போனால் அது காரணமாக ஏற்கப்படும் என்று அதே 134ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அத்தகையவரும் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு இயன்றவரை விரைவாக, எவ்வாறாயினும் 24 மணி நேரத்திற்குள், தகவல் தர வேண்டும். ஆபத்தான இடத்தை விட்டு விலகி நேரே காவல் நிலையம் செல்பவர் தம் உயிரைக் காத்துக்கொண்டவர். வண்டியைக் கொட்டகையில் மறைத்துவிட்டு அமைதியாக இருப்பவரோ தப்பியோடியவர். கவனக்குறைவால் நேர்ந்த உயிரிழப்பு ஜாமீனில் விடத்தக்க குற்றமே என்பதையும் ஓட்டுநர்கள் அறிந்து கொள்ளட்டும்.

மறைத்தவருக்கு என்ன நேரும் என்பதற்கு டெல்லி லோதி காலனி வழக்கு ஒரு படிப்பினை. 1999 ஜனவரி 10 அதிகாலையில் அங்கு ஒரு சொகுசுக் கார் மோதி, காவலர் மூவர் உட்பட ஆறு பேர் மாண்டனர். கார் நிற்காமல் சென்றது. அதிலிருந்து சிந்திய எண்ணெயின் தடத்தைப் பின்பற்றியே காவலர்கள் அது நின்ற வீட்டை அடைந்தனர். 2012 ஆகஸ்டு 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனக்குறைவு என்ற சிறிய குற்றத்திலிருந்து, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பெரிய குற்றத்திற்கு அதை உயர்த்தியது. அனுபவித்த சிறையோடு 50 இலட்சம் ரூபாய் செலுத்தவும், இரண்டாண்டு சமூகச் சேவை செய்யவும் ஆணையிட்டது. அடிபட்டவர்களுக்கு உதவாமல் சென்றதையும் நீதிமன்றம் கண்டித்தது. அந்த 50 இலட்சம் யாருக்கு? மோதிய வண்டி எதுவென்றே தெரியாமற்போன விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்கு!

இங்கேதான் ஓடுபவர் செய்யும் பெரிய அநீதி இருக்கிறது. வண்டி தெரிந்தால், இறந்தவரின் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு தீர்மானிக்கப்படும்; காப்பீடு இருந்தால் நிறுவனமே அதைச் செலுத்தும். வண்டி தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி இறப்புக்கு 2 இலட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் மட்டுமே. ஓடியவர் தம் பணத்தைக் காத்துக்கொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனம் கொடுத்திருக்கக்கூடிய பணத்தை ஒரு விதவைக்கும் யத்தீம் பிள்ளைகளுக்கும் கிடைக்காமல் செய்துவிட்டார். இந்த இரண்டு இலட்சத்தையும் கேட்டுப் பெறத் தெரியாத குடும்பங்கள் உள்ளன. அத்தகையோர் வட்டாட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மார்க்கமும் இதையே நமக்கு உணர்த்துகிறது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 92ஆம் வசனம் தவறுதலாக உயிர் பறிபோவதைப் பற்றிப் பேசுகிறது. நாடிச் செய்யாதது என்பதற்காகப் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. இறந்தவரின் குடும்பத்திற்கு 'தியத்' என்னும் ஈட்டுத்தொகை சேர வேண்டும். அவர்களே விட்டுக் கொடுத்தாலன்றி அது நீங்காது. அதோடு அல்லாஹ்விடம் தவ்பாவும், கஃப்பாராவாக இரண்டு மாதத் தொடர் நோன்பும் உண்டு. இறந்தவர் நம்மோடு உடன்படிக்கையில் வாழும் மற்றச் சமுதாயத்தவராயினும் இதுவே சட்டம். யாருக்குத் தர வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமலேயே ஓடியவர், அடியார்களின் உரிமையை எவ்வாறு தீர்ப்பார்?

ஆகவே நம் செயல் இவ்வாறு அமையட்டும். வண்டியை நிறுத்துவோம். 108க்கு அழைப்போம். இயன்றால் நாமே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. பணத்தை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. வழியில் விபத்தைக் காணும் மூன்றாமவரும் அஞ்ச வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், பின்னர் சட்டத்தின் 134-அ பிரிவும் உதவி செய்வோருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. அவர் விரும்பாமல் அவரைச் சாட்சியாக்க இயலாது.

பெற்றோர்களே! பிள்ளை இரவில் நடுங்கியபடி வீடு வந்து நடந்ததைச் சொன்னால், "யாரிடமும் சொல்லாதே" என்று கதவைச் சாத்தாதீர்கள். ஜமாஅத்திற்குச் சொல்லுங்கள். வழக்கறிஞர் ஒருவரோடு நாம் காவல் நிலையம் வரை உடன் வருவோம். அடிபட்டவரின் வீட்டிற்கும் சென்று நலம் விசாரிப்போம். அந்த வீட்டாரின் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும்.

நம் சாலைகளில் செல்லும் ஒவ்வோர் உயிரையும் அல்லாஹ் காத்தருள்வானாக! சோதனை நேரும்போது ஓடாமல் நிற்கும் உறுதியை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.